சும்மா இருக்கும் உரிமை

மலேசியாவில் ஓய்வு வயதை 60இலிருந்து 65 ஆக்கலாமா என்ற பேச்சு 2025இல் அமைச்சர் மட்டத்திலேயே எழுந்தது. ஈப்போவில் தமிழர்கள் கூடும் இடங்களில், கல்யாண மண்டபத்தில், கோயில் அன்னதான வரிசையில், பள்ளி ஆசிரியர் அறையில் நான் கேட்ட பதில்களை இரண்டாகப் பிரித்துவிடலாம். மேசை நாற்காலி வேலையில் இருப்பவர்கள், "அஞ்சு வருஷம் கூடுதல் சம்பளம், நல்லதுதானே" என்றார்கள். இன்னொரு பதில் பெருமையோடு வந்தது. "நம்ம ஆளுங்களுக்கு ரிட்டயர்மெண்ட் எல்லாம் எதுக்குங்க? எழுபது வயசுலயும் வேலைக்குப் போற பரம்பரை. சும்மா உட்காரச் சொன்னாத்தான் நோய் வரும்."

முதல் பதிலில் கொஞ்சம் சுயநலம் இருக்கிறது. சம்பளக்காரனுக்கு அது இயல்பு. இரண்டாவது பதிலை அப்படி விட்டுவிட முடியவில்லை. ஒரு சமூகத்துக்கு ஓய்வு மறுக்கப்பட்ட வரலாற்றை எடுத்து, அதையே அந்தச் சமூகத்தின் குணமாகச் சொல்லும் பதில் அது. பறிகொடுத்தவனிடம் போய், "உனக்கு எதன் மேலும் ஆசையே கிடையாது, நீ பெரிய துறவி" என்று கைகொடுப்பதற்கு ஒப்பானது. இந்தப் பாராட்டை நாம் நிறுத்த வேண்டும். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் சட்டம். 2012ஆம் ஆண்டின் குறைந்தபட்ச ஓய்வு வயதுச் சட்டம் 2013 ஜூலை 1 அன்று நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் தனியார் துறையில் 55 என்பதே வழக்கம். வயதைக் காரணம் காட்டி 60க்கு முன் ஒருவரை வெளியே அனுப்பக் கூடாது என்று இந்தச் சட்டம் முதலாளியின் கையைக் கட்டுகிறது. நல்ல சட்டம்தான். அரசு ஊழியர்களுக்கு 55 என்றிருந்த வயது 2001இல் 56, 2008இல் 58, 2012இல் 60 என்று ஏறியது. உயர் நீதிமன்ற நீதிபதிகளுக்கு 66. நாடாளுமன்ற உறுப்பினருக்கும் கட்சித் தலைவருக்கும் வரம்பே இல்லை.

நான் அரசாங்கப் பள்ளி ஆசிரியன். எனக்கு 60 வரை உத்தரவாதம் உண்டு. அது மட்டுமில்லை, 40 வயதை எட்டி 10 ஆண்டு சேவையையும் முடித்த அரசு ஊழியர் விருப்ப ஓய்வு கேட்கலாம். எங்கள் ஆசிரியர் அறையில் இது நித்தியப் பேச்சு. "56ல போனா எவ்வளவு கிடைக்கும், 58ல போனா எவ்வளவு" என்று கால்குலேட்டரைத் தட்டிக்கொண்டிருப்போம். ஒருத்தர் பேரப்பிள்ளைக்காகப் போகிறார், ஒருத்தர் தலைமையாசிரியர் முகத்தைப் பார்க்கச் சகிக்காமல் போகிறார், இன்னொருத்தர் பிள்ளையின் பல்கலைக்கழகக் கட்டணத்துக்காக இருக்கிறார். எல்லாமே நியாயமான காரணங்கள். எப்போது ஓய்வு பெறுவது என்பது எங்களுக்கு ஒரு முடிவு. எங்களைப் பெற்றவர்களுக்கு அது ஒரு நோட்டீஸ்.

தோட்டத்தில் முதுமை எப்படிக் கையாளப்பட்டது என்று பாருங்கள். போருக்கு முந்தைய மலாயாவில் ரப்பர் கம்பெனிகளுக்கு இந்தக் கேள்வியே எழவில்லை. ஆள் தேவைப்பட்டால் தமிழ்நாட்டிலிருந்து வரவழைத்தார்கள். தேவை தீர்ந்தால் கப்பல் ஏற்றினார்கள். 1907இல் உருவான குடியேற்ற நிதி ஆள் கொண்டுவரப் பயன்பட்டது. அதே நிதி பின்னாளில் திருப்பி அனுப்பவும் பயன்பட்டது. ரப்பர் விலை விழுந்த 1930 முதல் 1932 வரையிலான மூன்று ஆண்டுகளில் மட்டும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியத் தொழிலாளர்கள் அப்படித் திருப்பி அனுப்பப்பட்டார்கள். கிழவனாவதற்கு ஊர் உண்டு என்ற கணக்கில், முதுமைச் செலவை தஞ்சாவூர், திருச்சி, சேலம் கிராமங்களின் தலையில் கட்டிவிட்டது தோட்டத்துறை.

1951இல் ஊழியர் சேமநிதி வந்தது. அப்போது தொழிலாளி 5 விழுக்காடு, முதலாளி 5 விழுக்காடு. 55 வயதில் பணத்தை எடுக்கலாம். ஆனால் தோட்டத்துக்காரருக்கு 55 என்பது பணத்தோடு மட்டும் சம்பந்தப்பட்ட எண் அல்ல. வீட்டோடு சம்பந்தப்பட்டது. லயத்து வீடு வேலையோடு ஒட்டியது. செக்ரோலில் பெயர் இருக்கும்வரை கூரை இருக்கும். பெயர் போனால் சட்டி பானையைக் கட்ட வேண்டியதுதான். தப்பிக்க ஒரே வழி, அந்தக் குடும்பத்தில் வேறொருவர் தோட்டத்தில் பெயர் பதிவது.

எங்கள் வீட்டிலும் இதுதான் நடந்தது. சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டம். பெயர் வேண்டாம், பேராக்கில் நூறு தோட்டங்களுக்கு இதே கதைதான். 1989இல் அப்பாவுக்கு 55. கிராணி வீட்டுக்கே வந்து சொல்லிவிட்டுப் போனார். அண்ணன் அப்போது ஐந்தாம் படிவம். கணக்கில் என்னைவிடக் கெட்டிக்காரன். அடுத்த மாதம் அவன் விடியற்காலைப் பெரட்டில் நின்றான். அம்மாவின் பெயர் செக்ரோலில் இருந்தாலும், ஆண்பிள்ளை ஒருத்தனும் பதிந்தால்தான் வீட்டைப் பற்றிப் பேச்சு வராது என்று சொல்லிவிட்டார்கள். அப்பா ஓய்வு பெற்றார் என்று நாங்கள் சொல்லிக்கொண்டோம். உண்மையில் அப்பாவின் ஓய்வுக்கு அண்ணனின் படிப்பு விலையாகப் போனது. நான் இரண்டு வயது இளையவன் என்பதால் தப்பித்து ஆசிரியரானேன்.

இப்போது கணக்கைப் போட்டுப் பார்ப்போம். அண்ணன் 17 வயதில் வேலைக்குப் போனான். தோட்டம் கைமாறி, ரப்பர் போய் செம்பனை வந்து, பிறகு அதிலும் ஒரு பகுதி வீடமைப்புக்குப் போனபோது ஈப்போவில் ஒரு தொழிற்சாலையில் சேர்ந்தான். இன்றுவரை ஷிப்ட் வேலை. நான் 24 வயதில் வேலையில் சேர்ந்தேன். 60இல் இருவரும் ஓய்வு பெற்றால் நான் 36 ஆண்டுகள் வேலை செய்திருப்பேன். அவன் 43 ஆண்டுகள். 65 என்று ஆக்கினால் அவனுக்கு 48. இரண்டு பேருக்கும் ஒரே வயது வரம்பு, பார்க்கச் சமத்துவம்தான். நாற்காலியில் உட்கார்ந்து 36 வருஷம், நின்றுகொண்டே 43 வருஷம். இதில் எங்கே சமத்துவம்?

இதுதான் என் வாதத்தின் மையம். ஓய்வை வயதால் அளப்பது, தாமதமாக வேலைக்குச் சேர வசதி பெற்றவர்களுக்குச் சாதகமான அளவுகோல். உழைத்த ஆண்டுகளால் அளக்க வேண்டும். இது ஒன்றும் ஆகாயத்தில் கோட்டை கட்டும் யோசனை இல்லை. பிரான்சில் முழு ஓய்வூதியத்துக்கு எத்தனை ஆண்டு பங்களித்தீர்கள் என்று கணக்கிடுகிறார்கள். சிறு வயதிலேயே வேலைக்குப் போனவர்கள் மற்றவர்களுக்கு முன்பே விலக 2003ஆம் ஆண்டுச் சீர்திருத்தத்திலிருந்து தனி ஏற்பாடே இருக்கிறது. அந்த நாட்டில் 2023இல் ஓய்வு வயதை 62இலிருந்து 64 ஆக்கியபோது லட்சக்கணக்கானவர்கள் தெருவில் இறங்கினார்கள். அவர்களை யாரும் சோம்பேறி இனம் என்று சொல்லவில்லை. நாம் 65 என்ற பேச்சைக் கேட்டு மார்தட்டிக்கொள்கிறோம்.

"இப்ப எல்லாரும் ரொம்ப நாள் வாழறாங்க, சேமிப்பு பத்தலை, அதனால கூடுதலா வேலை செய்யணும்" என்பது எதிர்வாதம். சேமிப்பு போதவில்லை என்பது உண்மை. ஏன் போதவில்லை என்று கேட்க வேண்டாமா? 55 வயதில் கையில் 240,000 ரிங்கிட் இருக்க வேண்டும் என்று சேமநிதி வாரியம் 2019இல் ஓர் அடிப்படை இலக்கு வைத்தது. மாதம் 1,000 ரிங்கிட் வீதம் 20 ஆண்டுகளுக்கு. 2013இல் தீபகற்ப மலேசியாவுக்கு முதன்முதலாக வந்த குறைந்தபட்ச ஊதியம் 900 ரிங்கிட். தொழிலாளியின் 11 விழுக்காடும் முதலாளியின் 13 விழுக்காடும் சேர்த்தால் மாதம் 216. வருஷத்துக்கு 2,592. இருபது வருஷம் விடாமல் கட்டினாலும் 51,840தான். லாப ஈவைச் சேர்த்துக்கொள்ளுங்கள், அப்போதும் 240,000 எங்கேயோ நிற்கிறது. இதுவும் 900 கிடைத்தால்தான். அதற்கு முந்தைய காலம் நாள் கூலிக் காலம். மழை பெய்தால் மரம் வெட்ட முடியாது. மரம் வெட்டாத நாளுக்குச் சேமநிதிக்கு என்ன போகும்?

ஆக, குறைந்த கூலி கொடுத்துச் சேமிப்பைக் குறைத்தவர்களே, சேமிப்பு குறைவாக இருக்கிறது, ஆகவே இன்னும் உழையுங்கள் என்கிறார்கள். கிணற்றைத் தூர்த்துவிட்டு, தாகமென்றால் ஆற்றுக்கு நட என்று சொல்லும் நியாயம்.

ஈப்போவுக்கு இன்னொரு முகமும் இருக்கிறது. இது ஓய்வு பெற்றவர்களின் ஊர் என்று பெயர் வாங்கிய நகரம். சுண்ணாம்புக் குன்றுகள், மலிவான வீடு, நல்ல சாப்பாடு, நெரிசல் இல்லாத சாலை. வெளிநாட்டுக்காரர்கள் இங்கே வந்து முதுமையைக் கழிக்கலாம் என்று அரசாங்கம் 1996இல் ஒரு திட்டம் கொண்டுவந்தது. 2002இல் அது 'மலேசியா எனது இரண்டாவது இல்லம்' என்று பெயர் மாறியது. கண்டம் தாண்டி வருகிறவர்களுக்கு இரண்டாவது இல்லம். நல்லது, வரட்டும். ஆனால் அவர்கள் குடியிருக்கும் அடுக்குமாடியின் கேட்டில் இரவுக் காவலுக்கு நிற்கும் பெரியவரை எப்போதாவது பார்த்துப் பேசியிருக்கிறீர்களா? செம்மோரில், தஞ்சோங் ரம்புத்தானில், பத்து காஜாவில் ஏதோ ஒரு தோட்டத்தில் 30 வருஷம் மரம் வெட்டியவராக இருப்பார். முதல் இல்லமே வேலையோடு போய்விட்ட மனுஷன்.

அம்மாவுக்கு 2001இல் 55. அதற்குள் நாங்கள் புந்தோங்கில் ஒரு மலிவு விலை வீட்டுக்கு வந்திருந்தோம். சேமநிதிப் பணம் வீட்டுக் கடனுக்கும் அக்காவின் கல்யாணக் கடனுக்கும் போனது. அடுத்த 13 ஆண்டுகள் அம்மா ஒரு சாப்பாட்டுக் கடையில் மங்கு கழுவினார். நான் ஆசிரியர் சம்பளத்தில் கொடுத்த பணத்தை வாங்கிக்கொள்வார், வேலைக்கும் போவார். சொந்தக்காரர்கள் எல்லாரும் ஒரே மாதிரி சொன்னார்கள்: "அக்காவால சும்மா இருக்க முடியாதுப்பா. உழைச்ச உடம்பு." கேட்க இனிமையாகத்தான் இருக்கும். ஒருநாள் நேராகவே கேட்டேன், "எப்பம்மா நிப்பாட்டப் போற?" அம்மா கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். "ஆரம்பிச்சது நானாடா, நிப்பாட்டறதுக்கு?" என்றார்.

அம்மா 13 வயதில் தன் அம்மாவுக்கு உதவியாக ஒட்டுப்பால் பொறுக்கப் போனவர். செக்ரோலில் பெயர் ஏறும் முன்பே சில வருஷங்கள் எந்தக் கணக்கிலும் இல்லாமல் உழைத்தவர். கடைசியில் 68 வயதில் அவர் நின்றதும் தன் முடிவால் அல்ல. கடைக்காரர் கடையை மூடிவிட்டார். 55 ஆண்டு வேலை வாழ்க்கையில் ஆரம்பத்தையும் முடிவையும் யார் யாரோ தீர்மானித்தார்கள். இதற்குப் பெயர் உழைப்பின் மேல் காதலா?

வேலையை நிஜமாகவே காதலிப்பவர்கள் உண்டு. எண்பது வயதிலும் தறியில் உட்காருபவர், மிருதங்கம் சொல்லிக்கொடுப்பவர், நோயாளியைப் பார்க்காமல் இருக்க முடியாத மருத்துவர். அவர்களை நான் மறுக்கவில்லை. ஆனால் வேலையை விட்டுவிட்டுப் போகும் வசதி இருந்தும் ஒருவர் தங்கினால்தான் அதைக் காதல் என்று சொல்ல முடியும். கதவு பூட்டியிருக்கும் வீட்டில் ஒருவர் இருப்பதைப் பார்த்து, "அவருக்கு இந்த வீடு ரொம்பப் பிடிக்கும்" என்று எப்படிச் சொல்வது?

கதவு திறந்திருந்தும் போகாதவர்களையும் பேராக் பார்த்திருக்கிறது. சுங்கை சிப்புட் நாடாளுமன்றத் தொகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். சாமிவேலு 1974 முதல் அதன் உறுப்பினர். 1979இல் ம.இ.கா. தலைவரானார். அமைச்சராகவும் நீண்ட காலம் இருந்தார். அவர் எப்போது விலகுவார் என்பது ஆண்டுக்கணக்கில் தமிழ்ப் பத்திரிகைகளின் தலைப்புச் செய்தியாக ஓடியது. 2008 பொதுத் தேர்தலில், 72 வயதில், மருத்துவர் ஜெயக்குமார் தேவராஜிடம் அந்தத் தொகுதியை இழந்தார். அதற்குப் பிறகும் கட்சித் தலைமையை விட்டு இறங்க 2010 டிசம்பர் ஆனது. இறங்கியவுடன் இந்தியாவுக்கும் தெற்காசியாவுக்குமான சிறப்புத் தூதர் பதவி காத்திருந்தது. தோட்டக்காரர்கள் 55இல் வீட்டைக் காலி செய்த அதே தொகுதியில்தான் இது நடந்தது. அவர்களில் எத்தனை பேருக்கு அடுத்த வேலை மரியாதையோடு காத்திருந்தது?

இது ஒரு தலைவரின் குணக்கேடு என்று சுருக்கிவிட வேண்டாம். 2003இல் 22 ஆண்டுப் பிரதமர் பதவியை விட்ட மகாதீர் 92 வயதில் திரும்பி வந்து, 97 வயதில் லங்காவியில் நின்று வைப்புத்தொகையையும் இழந்தார். அதிகாரம் இருப்பவனிடம் ஓய்வுத் தேதி அவன் சட்டைப்பையிலேயே இருக்கிறது. எடுக்கவும் செய்யலாம், எடுக்காமலும் இருக்கலாம். அதிகாரம் இல்லாதவனின் தேதி கிராணியின் புத்தகத்தில் இருக்கிறது.

அதே சுங்கை சிப்புட்டில் பிறந்தவர் துன் சம்பந்தன். தோட்டங்கள் துண்டாடி விற்கப்பட்டுத் தொழிலாளர்கள் நடுத்தெருவில் நின்ற காலத்தில், அவர்களிடமே சிறுகச் சிறுகப் பங்குத்தொகை திரட்டித் தோட்டம் வாங்கலாம் என்று 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியவர். அந்த யோசனையின் அடியில் இருந்த புரிதல் எனக்கு இன்றும் முக்கியமாகப் படுகிறது. காலடி மண்ணில் ஒரு பங்காவது சொந்தமாக இல்லாதவனுக்கு வேலையை விடும் முடிவும் சொந்தமில்லை. கூட்டுறவுச் சங்கம் எல்லாத் தோட்டங்களையும் காப்பாற்றிவிடவில்லை. தோட்டத் தொழிலாளிக்குச் சொந்த வீடு என்ற திட்டமோ பல பத்தாண்டுகளாக மேடைக்கு மேடை பேசப்பட்டு வருகிறது.

இலக்கியத்துக்கு வருகிறேன், ஏனென்றால் இந்தப் பாராட்டுப் பல்லவியில் நமக்கும் பங்குண்டு. நான் வாசித்த தோட்டக் கதைகளில் பெரட்டு இருக்கிறது, காண்டா வாளி இருக்கிறது, கங்காணியின் அதட்டல் இருக்கிறது, கள்ளுக்கடை இருக்கிறது. வேலையிலிருந்து நின்றுபோன கிழவர் வந்தால், ஒன்று பழங்கதை சொல்ல வருவார், இல்லையென்றால் சாவதற்கு வருவார். காலை பத்து மணிக்கு எந்த வேலையும் இல்லாமல், குற்றவுணர்வும் இல்லாமல், திண்ணையில் உட்கார்ந்து காப்பி குடிக்கும் ஒரு தோட்டத்துக் கிழவியை நம் கதைகளில் நான் பார்த்ததில்லை. வியர்வையை எழுதி எழுதி, வியர்க்காத உடம்பை மரியாதையாகப் பார்க்கும் கண்ணை இழந்துவிட்டோம்.

மார்க்ஸின் மருமகன் பால் லஃபார்க் 1880இல் சோம்பலின் உரிமையைக் கேட்டு எழுதினார். தொழிலாளர்களே வேலையைப் புனிதமாக்கிக் கொண்டாடுவது அவருக்குப் பொறுக்கவில்லை. நமக்கு அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டியதில்லை. தாயுமானவரும் சித்தர்களும் சும்மா இருக்கும் நிலையைத்தான் பெரும்பேறாகத் தேடினார்கள். தமிழில் அந்தச் சொல்லுக்கு அப்படி ஓர் உயரம் இருக்கிறது. லயத்தில் அது வசவாக மாறியது எப்படி? "சும்மா இருக்கான்" என்றால் கூரை போகப்போகிறது என்று அர்த்தம். அந்தப் பயத்தை இரண்டு தலைமுறை கழித்து நாம் பண்பாடு என்று அழைக்கிறோம்.

இளைய வாசகர்களிடம் ஒரு வார்த்தை. 45 வயதிலேயே வேலையை விட்டுவிட வேண்டும் என்று சேமிப்புக் கணக்கும் முதலீடும் பேசும் காணொளிகளை உங்களில் பலர் பார்க்கிறீர்கள். அதில் தப்பில்லை. ஓய்வை ஆசைப்படத் தெரிந்த முதல் தலைமுறை நீங்கள். ஆனால் அந்தக் கணக்கை உங்களுக்காக மட்டும் போடாதீர்கள். உங்கள் வீட்டில் இன்னும் வேலைக்குப் போய்வரும் பெரியவர் எந்த வயதில் ஆரம்பித்தார், எத்தனை வருஷம் ஆயிற்று, எப்போது நிறுத்த ஆசைப்படுகிறார் என்று கேளுங்கள். "அவரால சும்மா இருக்க முடியாது" என்று அவர் சார்பில் நீங்கள் பதில் சொல்லாதீர்கள்.

அரசாங்கத்திடம் கேட்க வேண்டியதும் எளிமையானதுதான். ஓய்வு வயதை 65 ஆக்குவதென்றால், விரும்புகிறவர் தொடரலாம் என்ற அளவில் ஆக்குங்கள். சேமநிதியை எடுக்கும் 55ஐத் தொடாதீர்கள். 2015இல் அதை உயர்த்தலாமா என்று வாரியம் உறுப்பினர்களிடம் கருத்துக் கேட்டது, 55 நிலைத்தது. இனியும் நிலைக்க வேண்டும். முதல் சேமநிதிப் பங்களிப்பு எந்த மாதம் என்பது வாரியத்தின் பதிவில் இருக்கிறது. அங்கிருந்து 35 ஆண்டு உடலுழைப்பை முடித்தவருக்கு, வயது என்னவானாலும், மாதாமாதம் ஒரு தொகையோடு விலகும் வழி வேண்டும். பதிவே இல்லாமல் உழைத்த வருஷங்களை யாராலும் திருப்பித் தர முடியாது. பதிவான வருஷங்களையாவது எண்ணுங்கள்.

2027இல் அண்ணனுக்கு 55. அதற்குள் 38 ஆண்டுகள் உழைத்து முடித்திருப்பான். முதுகுவலிக்கு மாத்திரை போட்டுக்கொண்டு ஷிப்டுக்குப் போகிறான். அன்றைக்கு அவன் நிறுத்துவானா, தொடர்வானா என்பது அவன் பாடு. அதைப் பற்றி எனக்கோ, அமைச்சருக்கோ, கல்யாண மண்டபத்தில் பரம்பரைப் பெருமை பேசுபவருக்கோ சொல்வதற்கு ஒன்றுமில்லை. எங்கள் குடும்பத்தில் தோட்ட வேலையிலிருந்து வந்த ஒருவர் தன் கடைசி வேலை நாளைத் தானே குறிப்பது அதுவே முதல் தடவையாக இருக்கும்.